கதவைத் தட்டி எழுதும் ஆராய்ச்சி!

சமூகப் பணி மாணவர்கள் செய்யும் வேலை

ஆராய்ச்சி என்றதும் நம் கண்முன் என்ன வருகிறது? கண்ணாடிக் குழாய், பூதக்கண்ணாடி, தடித்தடியான புத்தகங்கள்!

வீட்டு வாசலில் உட்கார்ந்து செய்யும் ஆராய்ச்சியும் உண்டு. அதற்குப் பேனா வேண்டும். நோட்டு வேண்டும். எல்லாவற்றையும்விடப் பொறுமை வேண்டும். சமூகப் பணி படிக்கும் மாணவ மாணவிகள் செய்யும் ஆராய்ச்சி அது.

இந்தப் படிப்புக்கான பள்ளி 1936-ல் பம்பாயில் டாட்டா அறக்கட்டளையின் உதவியால் தொடங்கியது. இந்தியாவில் இதுவே முதல். சென்னையில் 1952-ல் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் ஒரு பள்ளியைத் தொடங்கினார். இன்று பல கல்லூரிகளில் இந்தப் படிப்பு இருக்கிறது. முதுகலைப் பட்டத்துக்கு இரண்டு ஆண்டுகள். வாரத்தில் சில நாள் வகுப்பு. மற்ற நாளில் மருத்துவமனை, சிறுவர் இல்லம், குடிசைப் பகுதி என்று நேரடி வேலை. படிப்பு முடியும் முன், ஒரு பிரச்சினையை ஆராய்ந்து நூலாக எழுத வேண்டும். அதற்கு 'ஆய்வேடு' என்று பெயர்.

கேள்வி சின்னதாக இருக்கட்டும்!

"வறுமையைப் பற்றி எழுதப் போகிறேன்" என்று ஒரு மாணவி சொன்னால், பேராசிரியர் சிரிப்பார். வறுமை கடல். ஒரு வருடத்தில் கடலை அளக்க முடியுமா? ஒரு குடம் தண்ணீரை எடுத்துப் பார்க்கலாம்.

சென்னையில் கூவம் கரையில் குடிசை போட்டிருந்த பல குடும்பங்கள், கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற இடங்களில் உள்ள மாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டன. "வீட்டு வேலை செய்துவந்த பெண்கள், இடம் மாறிய பிறகும் அந்த வேலைக்குப் போகிறார்களா?" இப்படிக் கேட்டால் அது குடம். விடை கண்டுபிடிக்கலாம்.

யாரைக் கேட்பது?

எல்லா வீட்டுக்கும் போக முடியாது. பட்டியல் போட்டு, சீட்டுக் குலுக்கி, சில வீடுகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

காலை 11 மணிக்குப் போய், வாசலில் இருப்பவர்களை மட்டும் கேட்டால் என்ன ஆகும்? வேலைக்குப் போனவர்கள் அப்போது வீட்டில் இருக்கமாட்டார்கள். வேலை இழந்தவர்களே இருப்பார்கள். "எல்லோருக்கும் வேலை போய்விட்டது" என்று முடிவு வரும். அது பொய்! எனவே மாலையிலும், ஞாயிற்றுக்கிழமையிலும் போக வேண்டும். பூட்டிய வீட்டுக்குத் திரும்பத் திரும்ப நடக்க வேண்டும்.

கேட்கும் விதமும் முக்கியம். "இங்கே வந்ததால்தானே வேலை போச்சு?" என்று கேட்டால், "ஆமாம்" என்றுதான் பதில் வரும். "அங்கே என்ன வேலை செய்தீர்கள்? இப்போது என்ன வேலை? காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள்?" என்று கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை. காசு மிச்சம்தான். ஆனால் பயணத்தில் போகும் நேரம்? அதையும் எழுதினால்தான் கணக்கு சரியாகும்.

உண்மை சொல்ல வேண்டும்!

பதில் சொல்பவர்கள் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்பது உண்டு.

"ஏம்மா, எல்லாத்தையும் எழுதிக்கினு போறியே, எங்களுக்கு இன்னாம்மா கிடைக்கும்?"

"என்னால எதுவும் வாங்கித் தர முடியாதும்மா. நான் படிக்கிற பொண்ணு. இஷ்டம் இருந்தா சொல்லுங்க. இல்லேன்னா வேணாம்."

இதுதான் சரியான பதில். "உதவி வரும்" என்று ஆசை காட்டினால் ஏழையை ஏமாற்றிய பாவம் சேரும். ஆராய்ச்சியும் கெடும். உதவியை எதிர்பார்ப்பவர் வருமானத்தைக் குறைத்துச் சொல்லக்கூடும் அல்லவா?

ஆய்வேட்டில் யார் பெயரும் வரக்கூடாது. பெயருக்குப் பதில் எண்தான். பேச்சு நடுவே ஒரு பெண், "புருஷன் அடிக்கிறார்" என்று அழலாம். அதை எழுதிக்கொண்டு எழுந்து வந்துவிடுவது சமூகப் பணி ஆகாது. பெண்களுக்கான 181, குழந்தைகளுக்கான 1098 ஆகிய உதவி எண்களைச் சொல்ல வேண்டும். அவள் விரும்பினால் உதவி கிடைக்கும் இடத்துக்கு வழிகாட்ட வேண்டும்.

பிறகு எழுதும் வேலை. ஏன் ஆராய்ந்தேன், முன்பு பிறர் கண்டது என்ன, எப்படி விசாரித்தேன், என்ன கண்டேன், என்ன செய்யலாம் என்று அத்தியாயங்கள் அமையும். தான் நினைத்ததற்கு மாறாக விடை வந்தால்? வந்ததை வந்தபடியே எழுத வேண்டும்!

நூறு ஆண்டு நின்ற குறிப்பு

"மாணவர்கள் எழுதியதை யார் படிக்கப் போகிறார்கள்?" என்று நினைக்க வேண்டாம். 1916-ல் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களைச் சொந்த ஊர்களுக்கு அனுப்பி விசாரித்து வரச் சொன்னார். நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு என்று அவர்கள் எழுதி வந்தார்கள். 1918-ல் அது நூலாக வந்தது. அதில் ஒரு கிராமம் இருவேல்பட்டு. அங்கே பின்னால் பல ஆராய்ச்சியாளர்கள் போனார்கள். 2008-லும் போய்ப் பார்த்தார்கள். அன்று இருந்ததற்கும் இன்று இருப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று சொல்ல, அந்த மாணவர் குறிப்பு உதவியது. அவர் வீட்டில் உட்கார்ந்து கற்பனையாக எழுதியிருந்தால், பொய்யல்லவா நூறு ஆண்டு நின்றிருக்கும்!

ஒரு கடன் பாக்கி இருக்கிறது. ஆய்வேடுகள் பல ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. கல்லூரி அலமாரியில் தூங்குகின்றன. பதில் சொன்ன பெண்மணிக்கு, தான் சொன்னது என்ன ஆயிற்று என்றே தெரிவதில்லை. கண்டுபிடித்ததை இரண்டு பக்கத் தமிழில் எழுதி, அதே தெருவில் கூட்டம் போட்டு வாசித்துக் காட்டினால் என்ன? "எங்கள் பகுதிக்குக் காலையில் இன்னொரு பஸ் வேண்டும்" என்று மனுக் கொடுக்கும்போது, அந்த இரண்டு பக்கம் அவர்கள் கையில் இருக்குமே!