பால் கலவாத தேநீரை அறிந்து அருந்துவோம்

தேநீர் என்றதும் பால், சர்க்கரை, இஞ்சி சேர்த்துக் கொதிக்கவைத்த பானமே நம்மில் பலருடைய நினைவுக்கு வரும். மும்பையிலும் டெல்லியிலும் குடியேறிய நாம் தெருமுனைக் கடைகளில் அருந்துவதும் அதுவே. ஆனால் தேயிலையின் இயல்பான மணத்தையும் சுவையையும் அறிய விரும்புகிறவர்கள், பால் கலவாத தேநீரை அருந்திப் பார்க்க வேண்டும்.

இலை கறுப்பது எப்படி?

பச்சைத் தேயிலையும் கறுப்புத் தேயிலையும் ஒரே செடியின் தளிர்களே. பறித்த தளிர்களைப் பல மணி நேரம் வாடவிட்டு, பின்பு இயந்திரத்தில் உருட்டிக் கசக்குகிறார்கள். அப்போது இலைச்சாறு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து செம்பு நிறமாகிறது. சூடான காற்றில் உலர்த்தியதும் இலை கறுத்துவிடுகிறது.

முழு இலையாக உருட்டப்படுவது 'ஆர்த்தோடாக்ஸ்' வகை. இலையை நறுக்கி, கிழித்து, சிறு மணிகளாகச் சுருட்டுவது 'சி.டி.சி.' வகை. 1930-களில் அஸ்ஸாமில் உருவான இம்முறையே இன்று இந்தியாவில் பெரும்பான்மையாகும். விரைவில் கடுஞ்சாறு இறங்குவதால் இது பாலுக்கு ஏற்றது. பாலின்றி அருந்த ஆர்த்தோடாக்ஸ் வகையே சிறந்தது.

ஊருக்கொரு சுவை

அஸ்ஸாம் தேயிலை 1838-ல் முதன்முறையாக லண்டனுக்கு அனுப்பப்பட்டது. அதன் சாறு அடர்ந்த நிறமும் திடமான சுவையும் உடையது. 2004-ல் புவிசார் குறியீடு பெற்ற டார்ஜிலிங் தேயிலை மெல்லிய நிறமும் மலரைப் போன்ற மணமும் கொண்டது. நீலகிரித் தேயிலை நறுமணமும் தெளிவும் மிக்கது.

தயாரிக்கும் முறை

புதிதாகப் பிடித்த தண்ணீரைக் கொதிக்கவையுங்கள். ஒரு கோப்பைக்கு (200 மி.லி.) ஒரு தேக்கரண்டி, அதாவது 2 கிராம் அளவு இலை போதும். இலையை அடுப்பில் கொதிக்கவிடாமல், அதன்மேல் வெந்நீரை ஊற்றி மூடிவையுங்கள். டார்ஜிலிங் இலைக்கு 3 நிமிடங்களும், அஸ்ஸாம் இலைக்கு 4 நிமிடங்களும் போதுமானவை. உடனே வடிகட்டிவிடுங்கள், அதிக நேரம் ஊறினால் கசப்பும் துவர்ப்பும் மிகும். எலுமிச்சைச் சாறு சேர்ப்பதானால் வடிகட்டிய பின்பே சேர்க்க வேண்டும். தேயிலை பிற வாசனைகளை எளிதில் ஈர்த்துக்கொள்ளும். ஆகவே மசாலாப் பொருட்களின் அருகே வைக்காமல், காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

தாய்மார்கள் கவனிக்க

உணவோடு தேநீர் அருந்தும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. கீரை, பருப்பு, தானியங்களிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பதைத் தேயிலையின் துவர்ப்புப் பொருட்கள் தடுக்கின்றன. பால் சேர்த்தாலும் இந்தத் தடை முற்றிலும் நீங்காது. கர்ப்பிணிகளும் இரத்தசோகை உள்ளவர்களும் வளரும் பிள்ளைகளும் இதில் எச்சரிக்கையாயிருக்க வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையைத் தேநீரோடு ஒருபோதும் விழுங்கலாகாது. உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். காலைப் பலகாரத்தோடு அருந்தும் கோப்பையை முற்பகலுக்குத் தள்ளிவைத்தாலே போதும். சுவையையும் இழக்கமாட்டோம், உண்ட உணவின் பலனையும் இழக்கமாட்டோம்.