கோவையோடு கூடவே வரும் பழைய கணக்குகள்

மஹல்லாக் குடும்பப் பதிவு, ஸகாத் பெறுவோர் விபரம், மத்ரஸா மாணவர் பட்டியல் என்று முன்பு கொப்பியில் இருந்தவை இப்போது கணினித் தரவுத்தளங்களுக்குப் போகின்றன. கண்டிக்கு அண்மையிலுள்ள ஒரு பள்ளிவாசலின் பதிவைப் புதிய கணினிக்கு மாற்ற அண்மையில் உதவினேன். பழைய கணினியில் எடுத்த கோவையைத் திறந்தால், எப்போதோ விலகிப்போன ஓர் இளைஞரின் பெயரில் முழு அதிகாரத்துடன் ஒரு பாவனையாளர் கணக்கு! அவர் மீது குறை சொல்ல எதுவுமில்லை. அந்த வரியை எழுதியது மென்பொருள்.

மைக்ரோசொப்ட் எஸ்கியூஎல் சேர்வரில் ‘ஜெனரேட் ஸ்கிரிப்ட்ஸ்’ என்ற வசதி உண்டு. முழுத் தரவுத்தளத்தையும் தெரிவு செய்தால் அட்டவணைகளோடு பாவனையாளர்களையும் அது எழுதிவிடும். ‘கிரியேட் யூசர்’ என்று ஒரு வரி, அடுத்து அவரை ‘டிபி ஓனர்’ ஆக்கும் இன்னொரு வரி. கடவுச்சொல் அதில் வராது. ஆனால் புதிய சேர்வரில் அதே பெயரில் உள்நுழைவு ஒன்று இருந்தால், அவருக்குக் கதவு திறந்துவிடும். இல்லாவிட்டால் பிழைச்செய்தி வரும். அதைப் போக்குவதற்காகவே அந்த உள்நுழைவை உருவாக்கிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்குப் பயம் இவர்களைப் பற்றித்தான்.

மைஎஸ்கியூஎல்லில் எல்லாத் தரவுத்தளங்களையும் ஒன்றாகப் பிரதியெடுத்தால் கணக்கு அட்டவணையும் சேர்ந்து வரும். அதில் கடவுச்சொற்கள் மறைகுறி வடிவில் இருக்கும். மீளேற்றியதும் பழையவர் பழைய கடவுச்சொல்லுடனேயே வந்து சேர்ந்துவிடலாம்.

மறக்கப்பட்ட கணக்கு என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு 2002 மே மாதத்தில் பரவிய ‘ஸ்பைடா’ புழுவை நினைவூட்டலாம். எஸ்கியூஎல் சேர்வரின் ‘எஸ்ஏ’ நிர்வாகக் கணக்கு கடவுச்சொல் இல்லாமல் கிடந்த இடங்களில்தான் அது புகுந்தது.

எமது பதிவுகளில் யார் வறியவர், யார் விதவை என்பதெல்லாம் இருக்கின்றன. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், மத நம்பிக்கையை வெளிப்படுத்தும் தரவையும் சிறுவர் தரவையும் விசேட வகையில் சேர்த்திருக்கிறது. அமானிதம் என்று பேசும் நிர்வாக சபைகள் அலுமாரிச் சாவியை எண்ணுகின்றன. கணக்குகளை எண்ணுவதில்லை.

கோவையை ஏற்றும் முன் நோட்பேடில் திறந்து ‘கிரியேட் யூசர்’, ‘கிராண்ட்’, ‘டிஃபைனர்’ ஆகிய சொற்களை ஆங்கிலத்தில் தேடுங்கள். எஸ்கியூஎல் சேர்வரென்றால் குறிப்பிட்ட பொருட்களை மட்டும் தெரிவு செய்யும் வழியில் போய் ‘யூசர்ஸ்’ என்பதன் அடையாளத்தை எடுத்துவிடலாம். பழைய பிரதிகள் கிடக்கும் பென் டிரைவ்களையும் ஒருமுறை பாருங்கள்.