சைலன்சர் மாத்தினா பவர் ஏறுமா? நியாயமாகச் சோதிப்பது எப்படி?

"மச்சான், சைலன்சர் மாத்தினதும் பிக்கப் வேற லெவல். ரெண்டு பிஎச்பி கண்டிப்பா ஏறியிருக்கும்!"

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோர டீக்கடையில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழலாம். சைலன்சர், ஏர் ஃபில்டர், ஈசியு ரீமேப் என ஆயிரக்கணக்கில் செலவழித்தவருக்கு பவர் ஏறியதாகத் தோன்றுவது இயல்பு. உண்மையில் ஏறியதா?

கண்ணும் காதும் போதாது

சத்தம் கூடினால் வேகமும் கூடியதாக மனசு எடுத்துக்கொள்ளும். கண்ணையும் நம்ப முடியாது. மூலிகை போட்டால் தண்ணீர் பெட்ரோலாகும் என்று 1996-ல் ராமர் பிள்ளை செய்து காட்டியதைப் பார்த்துப் பலர் நம்பினார்கள். 2016-ல் சென்னை நீதிமன்றம் அவருக்கு 3 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது.

டைனோ சொன்னால் சரியா?

பின்சக்கரத்தை உருளை மேல் ஓடவிட்டு பவரை அளக்கும் கருவிதான் டைனோ. அதிலும் ஏமாற வழி உண்டு.

வெயில்: 25 டிகிரி 40 டிகிரியானால் காற்றின் அடர்த்தி சுமார் 5 சதவீதம் குறையும். கிளாசிக் 350-ன் பவர் 20.2 பிஎச்பி. பழைய சைலன்சரை மதிய வெயிலிலும் புதியதை அதிகாலையிலும் அளந்தால், சைலன்சரால் எந்தப் பலனும் இல்லாமலேயே அரை முதல் ஒரு பிஎச்பி வரை 'ஏறும்'.

கணக்கு: வானிலை வித்தியாசத்தைச் சரிக்கட்ட எஸ்ஏஇ, எஸ்டிடி என இரண்டு முறைகள் உண்டு. ஒரே ஓட்டத்துக்கு எஸ்டிடி சுமார் 4 சதவீதம் கூடுதலாகக் காட்டும். முன்பு ஒன்று, பின்பு இன்னொன்று என்றால் ஒப்பீடே தப்பு.

நியாயமான சோதனை

1. அதே டைனோ, அதே நாள், அதே பெட்ரோல், அதே டயர் காற்று, அதே இன்ஜின் சூடு.

2. பழைய பாகத்தோடு 3 ஓட்டம், புதியதோடு 3 ஓட்டம். பிறகு பழையதை மறுபடி மாட்டி இன்னும் 3. கடைசி எண்கள் முதல் எண்களோடு ஒத்துப்போகவில்லை என்றால், நடுவில் வேறு ஏதோ மாறியிருக்கிறது.

3. ஒரே பாகத்தின் 3 ஓட்டங்களுக்குள்ளேயே அரை பிஎச்பி ஆடினால், அரை பிஎச்பி 'லாபம்' லாபமே இல்லை.

4. உச்ச பவரை மட்டும் பார்க்காமல் முழு கிராஃபையும் பாருங்கள். தினமும் ஓட்டும் ஆர்பிஎம்மில் பவர் குறைந்திருக்கலாம்.

கிரிவலப் பாதையில் டைம் போட்டுப் பார்க்கவே வேண்டாம். அந்த 14 கிலோமீட்டரும் பக்தர்கள் வெறுங்காலோடு நடக்கும் வழி. சட்டம் அனுமதிக்காத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் இடம் உண்டு.

அடுத்த முறை யாராவது "பவர் ஏறும் ப்ரோ" என்றால், பழையதை மறுபடி மாட்டி எடுத்த ஷீட்டைக் கேளுங்கள். அது இல்லை என்றால், காசு உங்கள் பையிலேயே இருக்கட்டும்.