பெட்டகத்துள் ஓர் ஊர்ப்பெயர்

யாழ்ப்பாணத் தீவுகளுள் ஒன்றாகிய புங்குடுதீவில் உள்ள ஊர் இறுப்பிட்டி. போர்க்காலத்தில் அத்தீவை விட்டகன்றோர் பலர் இன்று கொழும்பிலும் கனடாவிலும் பிரான்சிலும் வாழ்கின்றனர். ஊரின் நினைவாக அவர் கையில் எஞ்சியவை சில தாள்களே: காணி உறுதி, கோயில் மலர், இறந்தோர் நினைவாக அச்சிடும் கல்வெட்டு. ஈழத்து ஆவணங்களை 2005 முதல் ‘நூலகம்’ என்னும் இணைய நூலகம் பேணி வருகிறது. இல்லங்களிலும் பலர் இவற்றைப் படமாக்கிக் கணினியிற் சேர்க்கின்றனர். சேர்ப்பது எளிது; தேடி எடுப்பதே அரிது.

பெட்டகத்துட் கடகம், கடகத்துட் கொட்டைப்பெட்டி என்பது போலக் கணினியிற் கோப்புறைக்குள் கோப்புறை அமைகிறது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பது வீண் உழைப்பு. யுனிக்ஸ் வழிவந்த கணினிகளில் ‘ஷெல்’ எனப்படும் கட்டளை ஏற்பிக்குச் சில வரிகள் எழுதிக் கொடுத்தாற் போதும். 1970களிலேயே யுனிக்ஸில் இடம்பெற்ற ‘ஃபைண்ட்’ என்னும் கட்டளை, குறித்த கோப்புறையிலிருந்து எல்லா அடுக்குகளிலும் இறங்கித் தேடும். பெயரின் ஒரு பகுதியே தெரியுமாயின் அதன் இருபுறமும் உடுக்குறி இடலாம். அப்பொழுது பெயரை மேற்கோட் குறிக்குள் அடைத்தல் வேண்டும். இல்லையேல் ஃபைண்டுக்குச் சேருமுன்பே ஷெல் அந்த உடுக்குறிக்குத் தானே பொருள்கொண்டுவிடும். ‘கோயில் மலர்’ என இடைவெளியுள்ள பெயரும் அவ்வாறே. மேற்கோளின்றி விட்டால் ஷெல் அதனை இரு கோப்புகளாகக் கொள்ளும்.

தமிழ்ப் பெயர்களுக்கு வேறோர் இடருண்டு. ஒருவர் இறுப்பிட்டி என்றும் மற்றொருவர் இருப்பிட்டி என்றும் எழுதியிருப்பின், ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. கணினிக்குச் செவியில்லை அன்றோ! ரகர றகரங்களைச் சதுர அடைப்புக்குள் சேர்த்திட்டால் இரண்டும் அகப்படும். இதனினும் நுண்ணியது கொழும்பின் முதலெழுத்து. யூனிக்கோட்டில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் பதியலாம். கொம்பும் காலுமாக இரண்டாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, ஃபைண்டுக்கோ வெவ்வேறு. ஆதலின் இருவகையாலும் தேடும்படி நிரல் எழுதுவதே தக்கது.

கோப்பின் உட்பொருளைத் தேட ‘கிரெப்’ என்னும் கட்டளை உண்டு. எனினும் உறுதியின் படத்துள் அது படிக்கத்தக்க எழுத்தில்லை. அப்படம் வெறும் எண்ணைப் பெயராகக் கொண்டு கிடப்பின், ஃபைண்டிடம் நாட்கணக்கைக் கூறலாம். அந்நாட்களுள் மாற்றம் பெற்ற கோப்புகளை மட்டும் அது காட்டும். படமெடுத்த வாரம் நினைவிலிருந்தால் அந்தப் பட்டியல் மிகவும் சிறுகும்.