15-ஆம் தேதி உங்கள் கார்டில் எவ்வளவு பாக்கி?

2025 ஜனவரி 1 முதல் சிபில் ஸ்கோர் “15 நாளுக்கு ஒருமுறை மாறும்” என்ற செய்தி வந்ததிலிருந்து வாசகர் கடிதங்கள் ஓயவில்லை. பெங்களூரு பிரேசர் டவுன் வாசகர் ஒருவரின் கேள்வி மற்ற எல்லாவற்றையும் உள்ளடக்கியது: “கார்டு பில்லை டியூ டேட்டுக்குள் முழுசாகக் கட்டிவிடுகிறேன். ஒரு ரூபாய் வட்டி கொடுத்ததில்லை. அப்படியும் ஸ்கோர் ஏன் இறங்குகிறது? இனி மாதம் இரண்டு முறை இறங்குமா?”

இறங்கலாம். முதலில் புதிய விதியைப் பார்ப்போம். ரிசர்வ் வங்கி 2024 ஆகஸ்ட் 8-ஆம் தேதி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, கடன் கொடுத்த வங்கிகளும் நிதி நிறுவனங்களும் ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதியும் கடைசித் தேதியும் உள்ள நிலவரத்தை எடுக்க வேண்டும். 7 நாளுக்குள் அதை சிபில் போன்ற கிரெடிட் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்ப வேண்டும். அவை 5 நாளுக்குள் பதிவேற்ற வேண்டும். கடனை அடைத்தவருக்குச் சீக்கிரம் நல்ல பெயர் கிடைக்கும் என்கிறது ரிசர்வ் வங்கி. சீக்கிரம் என்றால் எவ்வளவு? ஜனவரி 1-ல் அடைத்த கடன் 15-ஆம் தேதிக் கணக்கில்தான் ஏறும். பதிவாவதற்கு 27-ஆம் தேதிகூட ஆகலாம். அதேசமயம், ஒரே மாதத்தில் நாலைந்து ஆப்களில் கடன் வாங்குபவரை வங்கிகள் இனி முன்கூட்டியே கண்டுபிடித்துவிடும். லாபம் இருதரப்புக்கும் உண்டு என்றாலும், பெரிய பங்கு யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை.

இனி பிரேசர் டவுன்காரரின் சிக்கல். கிரெடிட் ஸ்கோரை உங்கள் நாணயத்தின் அளவுகோல் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. கடன் கொடுப்பவருக்கு நீங்கள் எவ்வளவு ஆபத்தானவர் என்ற கணிப்புதான் அது. கடனே வாங்காமல் வாழ்ந்தவருக்கு அதில் ஸ்கோரே கிடையாது. கணிப்புக்கான சூத்திரத்தை நிறுவனங்கள் முழுமையாக வெளியிடுவதில்லை. ஆனால், கார்டு லிமிட்டில் எத்தனை சதவீதம் பாக்கி நிற்கிறது என்பதும் அதில் சேரும் என்பது தெரிந்த விஷயம். அந்தப் பாக்கி எந்த நாளில் அளக்கப்படுகிறது என்பதில்தான் சூட்சுமம்.

லிமிட் 1 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஜனவரி 5-ல் 45,000 ரூபாய்க்கு ஃபிரிட்ஜ். இரண்டு நாள் கழித்து 35,000 ரூபாய் ஆஸ்பத்திரிச் செலவு. 12-ஆம் தேதி 80,000 ரூபாய்க்கு பில் வருகிறது. டியூ டேட் பிப்ரவரி 1. அன்றைக்கே முழுத் தொகையும் கட்டியாயிற்று. தாமதம் இல்லை, வட்டி இல்லை. ஆனால் ஜனவரி 15-ஆம் தேதிக் கணக்கில் 80 சதவீதம். 31-ஆம் தேதிக் கணக்கிலும் 80 சதவீதம். கட்டிய பணம் பிப்ரவரி 15 கணக்கில்தான் தெரியும்; பதிவேற பிப்ரவரி 27 வரை ஆகலாம். இடையில் அவர் வீட்டுக் கடன் கேட்டுப் போனால், கழுத்துவரை கடனில் இருப்பவராகத்தான் தெரிவார். பல வங்கிகள் வீட்டுக் கடன் வட்டியையே ஸ்கோர் பார்த்து முடிவு செய்வதால், இது வெறும் மானப் பிரச்சினை இல்லை, பணப் பிரச்சினை.

இன்னொரு கோணம் இதைவிட விசித்திரம். தலா 1 லட்சம் லிமிட்டில் இரண்டு கார்டுகள், மொத்தப் பாக்கி 40,000 என்றால் 20 சதவீதம். தேவையில்லாத கார்டு எதற்கு என்று பொறுப்பாக ஒன்றை மூடினால், அதே 40,000 இப்போது 40 சதவீதம். வங்கி தானாகவே லிமிட்டைக் குறைத்தாலும் இதே கதி.

பரிகாரம் எளிது. பில் வரும்வரை காத்திருக்காமல், பெரிய செலவுக்குப் பின் ஒரு பகுதியை முன்கூட்டியே கட்டிவிடுங்கள். மேற்சொன்னவர் ஜனவரி 10-ல் 60,000 கட்டியிருந்தால் 20 சதவீதம்தான் தெரிந்திருக்கும். இன்ஸ்பெக்டர் வரும் நாள் தெரிந்த பள்ளிக்கூடம்போல, இனி 15-ஆம் தேதியும் மாதக் கடைசியும் நமக்குத் தெரியும். புதிய விதியில் வாடிக்கையாளர் கைக்கு வந்திருக்கும் ஆயுதம் இது ஒன்றுதான். கடன் கேட்கப் போவதில்லை என்றால் இந்தக் கவலையே வேண்டாம். அடுத்த கணக்கில் பாக்கி குறைந்தால் ஸ்கோரும் பெரும்பாலும் மீளும். டியூ டேட் தவறினால் மட்டும் அப்படி எளிதில் மீளாது.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

30 சதவீதத்துக்குமேல் போகக் கூடாது என்பது சட்டமா? இல்லை, பொதுவான ஆலோசனை.

மினிமம் டியூ கட்டினால் போதுமா? தவணை தவறாது, பாக்கியும் வட்டியும் ஏறும்.

நானே ஸ்கோர் பார்த்தால் குறையுமா? குறையாது. டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் நான்கும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும்.

ஒரே பகுதிதான், ஒரு முகவரியில் பிரேசர் டவுன், இன்னொன்றில் புலிகேசி நகர் என்று இருக்கிறது, பாதிக்குமா? அதனால் ஸ்கோர் குறையாது. வேறொருவர் கடன் உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

நண்பருக்கு ஜாமீன் போட்டேன்? அவர் கட்டாவிட்டால் உங்கள் ஸ்கோரும் அடிபடும்.

‘செட்டில்மென்ட்’ செய்தால் கணக்கு முடிந்ததா? வங்கிக்கு முடிந்தது, அறிக்கையில் ‘செட்டில்டு’ என்ற கறை நிற்கும்.

அறிக்கையில் தவறு இருந்தால்? புகார் கொடுங்கள், 30 நாளில் தீர்க்காவிட்டால் அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு, 2024 ஏப்ரல் 26 முதல் இது நடைமுறை. புகார் எண்ணைப் பத்திரப்படுத்துங்கள்.

தெருவில் போடும் ஏலச்சீட்டு? ஒழுங்காகக் கட்டினாலும் அறிக்கையில் ஏறாது.

ஸ்கோரை ஏற்றித் தருவதாக வாட்ஸ்அப்பில் வருகிறவர்கள்? பணம் கொடுக்காதீர்கள், உண்மையான பாக்கியை அவர்களால் அழிக்க முடியாது, பொய்யான பதிவை நீக்கச் சொல்ல உங்களுக்கே உரிமை உண்டு.