கழுவ ரோல் இல்லாத கடைகள்

தமிழ்நாட்டு ஊர்களின் கடைத்தெருக்களில் ‘ஸ்டூடியோ’ என்றும் ‘கலர் லேப்’ என்றும் பலகை மாட்டியிருந்த புகைப்படக் கடைகள் டிஜிட்டல் கேமராவால் நொடித்தன என்று சொல்லப்படுவதில் பிழையில்லை என்றாலும், அந்த விளக்கம் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. கேமரா என்பது ஒரு குடும்பம் வாழ்நாளில் ஒரு முறை, மிஞ்சிப்போனால் இரு முறை வாங்கும் பொருளாக இருந்ததால், அதை விற்று எந்தக் கடையும் நெடுநாள் பிழைத்திருக்க முடியாது. கடையை நடத்தியது பிலிம் ரோலின் விற்பனையும், அதைக் கழுவிப் பிரிண்ட் போட்டுத் தரும் கூலியும், முகூர்த்த நாள்களின் கல்யாண ஆர்டரும்தான்.

கழுவுதல் என்று வழக்கில் சொல்லப்பட்டது ஒரு வேதிவினைத் தொடர். பிலிமின் மேல் பூசப்பட்ட வெள்ளி உப்பில் ஒளி விழுந்த இடங்கள் கண்ணுக்குப் புலப்படாத மாற்றத்தை அடைந்திருக்க, டெவலப்பர் என்னும் கரைசல் அவ்விடங்களை மட்டும் கறுத்த வெள்ளியாக்கும். ஹைப்போ எனப்படும் சோடியம் தயோசல்பேட்டுக் கரைசல் எஞ்சிய உப்பைக் கரைத்து நீக்க, வெளிச்சமும் நிழலும் இடம் மாறிய நெகட்டிவ் கிடைக்கும். இந்த நெகட்டிவின் மேல் நடந்த ‘டச்சிங்’ தனிக் கலையாக மதிக்கத் தக்கது. கூராகச் சீவிய பென்சிலால், கண்ணுக்குக் கீழே தெளிந்திருக்கும் பகுதியில் புள்ளி புள்ளியாகத் தொட்டு அடர்த்தி ஏற்றினால், பிரிண்டில் அவ்விடத்துக் கருவளையம் மறையும். கறுப்பு வெளுப்பாகவும் வெளுப்பு கறுப்பாகவும் மாறித் தெரியும் ஒரு முகத்தில் எங்கே, எவ்வளவு தொட வேண்டும் என்பதைப் பல ஆண்டுப் பழக்கத்தால் அறிந்திருந்த கைகள் ஒவ்வோர் ஊரிலும் இருந்தன.

வண்ணப் பிலிம் இந்தக் கைத்திறனை இயந்திரத்திடம் ஒப்படைத்தது. சி-41 என்ற பொதுச் செய்முறைப்படி, டெவலப்பர் 37.8 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 3 நிமிடம் 15 விநாடி பிலிமில் வேலை செய்ய வேண்டும். வெப்பம் சற்றுப் பிசகினாலும் நிறம் சாய்ந்துவிடும் என்பதால், சிறு கடைகள் ரோல்களைப் பெருநகர லேப்களுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தன. பிறகு, கழுவுவதையும் பிரிண்ட் போடுவதையும் கடைக்குள்ளேயே முடித்துத் தரும் ‘மினிலேப்’ இயந்திரத்தைப் பெருந்தொகை போட்டு வாங்கியவர்கள், வீழ்ச்சி வந்தபோது எல்லோரையும்விடப் பெரிய அடியை வாங்கினார்கள். அதற்கு இயந்திரத்தின் இயல்பே காரணமாக அமைந்தது. தொட்டியில் இருக்கும் கரைசல் ரோல்கள் ஓட ஓடப் புதுக் கரைசல் சேர்க்கப்பட்டுத்தான் நிலையாக இருக்கும். ரோல் வரத்துக் குறைந்தால் அது காற்றுப் பட்டுக் கெடும், கெட்டால் படத்தின் நிறம் மங்கும், மங்கிய படத்தைப் பார்த்த வாடிக்கையாளர் அடுத்த ரோலைக் கொண்டுவர மாட்டார். வரத்துப் பாதியாகக் குறைந்த மினிலேப் பாதி லாபத்தோடு நடக்கவில்லை. நடக்கவே முடியாமல் போயிற்று.

ரோல் வரத்தைக் குறைத்த டிஜிட்டல் கேமரா, பிலிம் நிறுவனமான கோடாக்கிலேயே பிறந்தது. அதன் பொறியாளர் ஸ்டீவன் சாசன் 1975இல் செய்த முதல் டிஜிட்டல் கேமரா ஒரு படத்தை கேசட் நாடாவில் பதிய 23 விநாடி எடுத்துக்கொண்டது. ஆனால் அதன் வளர்ச்சி பெரிய நிறுவனங்களையும் விடவில்லை. கோனிகா மினோல்டா 2006இல் பிலிம், கேமராத் தொழிலை விட்டே விலகுவதாக அறிவித்தது. கோடாக் 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கோரியது. உதகமண்டலத்தில் 1960இல் தொடங்கப்பட்டு, ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு-வெள்ளைப் பிலிம் தயாரித்த பொதுத்துறை நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், டிஜிட்டல் அலை எழுவதற்கு முன்பே, 1990களில், நலிந்துவிட்டது. பிலிமை விட்டு டிஜிட்டல் கேமரா விற்பனைக்கு மாறிய கடைகளுக்கும் நிழல் கிடைக்கவில்லை. ஜப்பானியக் கேமரா தயாரிப்பாளர் சங்கக் கணக்கின்படி 2010இல் 12 கோடியைத் தாண்டிய டிஜிட்டல் கேமரா விநியோகம், செல்போன் கேமராவின் முன்னால் தேய்ந்து, 2020இல் ஒரு கோடிக்கும் கீழே இறங்கியது. கடைசிப் பிடியாக இருந்த பாஸ்போர்ட் சைஸ் படமும், பாஸ்போர்ட் சேவை மையமும் ஆதார் மையமும் விண்ணப்பதாரரை நேரில் உட்காரவைத்தே படம் எடுக்கத் தொடங்கியதிலிருந்து நழுவிவருகிறது.

வருமானத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று கவனிப்பாரின்றி நடந்துகொண்டிருக்கிறது. மறுபிரதி கேட்டு வருபவருக்காக நெகட்டிவ்களைக் கவரில் இட்டு, மேலே எண்ணும் தேதியும் குறித்து அடுக்கிவைத்த கடை, தானறியாமலேயே ஊரின் ஆவணக் காப்பகமாக இருந்தது. கடை மூடப்படும்போது அவை வெள்ளி பிரித்தெடுப்பவரிடம் எடைக்குப் போகின்றன. போகாதவையும், அசிட்டேட் பிலிம் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளிவிடுவதால், புளித்த காடியின் வாடையோடு சுருண்டு போகின்றன. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் ஆதரவோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களில் எஞ்சிய படங்களை எண்ணியல் வடிவில் பதிவுசெய்தது மிகுந்த நன்றிக்குரிய பணி. ஆனால் கவரின் மேலுள்ள எண் எந்தத் தெருவின் எந்த வீட்டைக் குறிக்கிறது என்பது பில் புத்தகத்தில் இருக்கும், அதுவும் செல்லரித்திருந்தால் கடைக்காரரின் நினைவில் மட்டுமே இருக்கும்; அவர்களில் பலர் இன்று எழுபதைக் கடந்தவர்கள். படத்தோடு பில் புத்தகத்தையும், அவர்கள் சொல்லக்கூடிய பெயர்களையும் சேர்த்தே பதிவுசெய்யும் முயற்சி மாவட்டந்தோறும் உடனே தொடங்கப்பட வேண்டும். அப்படங்களில் மக்கள் எந்தத் திரைச்சீலையின் முன்னால், எந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள் என்பது அடுத்த பகுதியில் ஆராயப்படும்.

(தொடரும்)