தாமரை இலை, பாக்கு மட்டை, லஞ்ச் சீற்

ஹபரணை, சிகிரியா, தம்புள்ளைப் பக்கத்துக் கிராமச் சுற்றுலாக்களில் மாட்டு வண்டிக்கும் குளத்துத் தோணிக்கும் அடுத்தபடியாக வெளிநாட்டவர் விழுந்து விழுந்து படமெடுப்பது மத்தியானச் சாப்பாட்டைத்தான். பிரம்பில் பின்னிய தட்டு, அதன்மேல் தாமரை இலை, இலை நிறையச் சிவப்பரிசிச் சோறு, பருப்புக் கறி, தேங்காய்ச் சம்பல், குளத்து மீன். சாப்பிட்டு முடிந்ததும் இலை குப்பைக் குழிக்கோ மாட்டுக்கோ போய்விடும். தட்டைக் கழுவ வேண்டிய வேலைகூட இல்லை.

அதே நேரத்தில் தம்புள்ளை நகரில், கண்டி–யாழ்ப்பாணம் வீதியும் திருகோணமலை வீதியும் சந்திக்கும் இடத்தில் பஸ்ஸை விட்டு இறங்குபவர் வாங்கும் சோற்றுப் பார்சலைப் பிரித்தால், உள்ளே இருப்பது பெரும்பாலும் பொலித்தீன் லஞ்ச் சீற்.

இத்தனைக்கும் அது தடைசெய்யப்பட்ட பொருள். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தன்று கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து 30 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். அதே ஆண்டு செப்டெம்பர் 1 முதல் பொலித்தீன் லஞ்ச் சீற்றும் ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டியும் தடைப் பட்டியலில் ஏறின. 2023 ஒக்டோபர் 1 முதல் ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்டிக் தட்டு, கோப்பை, கரண்டி, உறிஞ்சுகுழல் எல்லாவற்றுக்கும் தடை வந்தது. பிளாஸ்டிக் இடியப்பத் தட்டையும் விடவில்லை. சட்டம் காகிதத்தில் கடுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் சோற்றுக் கடைக்காரர் கணக்குப் பார்ப்பது லஞ்ச் சீற்றின் விலையை.

தாமரை இலை தம்புள்ளைக்குப் பொருந்துவதற்குக் காரணம் குளங்கள். உலர் வலயத்தில் குளமிருக்கும் இடமெல்லாம் தாமரையும் இருக்கும். இலையின் மேற்புறத்தைக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மேடுகள் மூடியிருக்கின்றன, அவற்றின்மேல் மெழுகுப் படலம். தண்ணீர் விட்டால் முத்தாக உருண்டு அழுக்கையும் வாரிக்கொண்டு ஓடிவிடும். ஜெர்மனியின் பொன் நகரத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லொட் 1997இல் இதை விளக்கிய பிறகு சாயம், கண்ணாடி செய்பவர்கள்கூட இந்த இலையைப் பார்த்துப் படித்தார்கள். ஆனால் வெட்டிய இலை சீக்கிரம் வாடிவிடும். கடையில் அடுக்கி வைத்து விற்கும் சரக்கல்ல அது.

அடுக்கி வைக்கக்கூடியது பாக்கு மட்டைத் தட்டு. கமுகுக்கு ஈரம் வேண்டும், எனவே தம்புள்ளையின் வறண்ட மண்ணைவிட மாத்தளை மாவட்டத்தின் தெற்கே, மிளகும் கோப்பியும் வளரும் மலைச்சரிவுகளில்தான் அது செழிக்கிறது. சிங்களக் கிராமங்களில் கொலபத்த என்று சொல்லும் இந்த மட்டையில் வழிப்பயணச் சோறு கட்டிக்கொண்டு போவது பழைய வழக்கம். இப்போது அதற்கு அச்சு வந்திருக்கிறது. தானாக விழுந்த மட்டையைத் தண்ணீரில் ஊறவைத்து, தூரிகையால் தேய்த்துக் கழுவி, பாதி ஈரத்தோடு சூடான இரும்பு அச்சில் வைத்து அழுத்துவார்கள். சற்று நேரத்தில் கிண்ணமாகவோ சதுரத் தட்டாகவோ வெளியே வரும். பசையும் இல்லை, பூச்சும் இல்லை. மட்டையின் வரிகள் பழுப்பும் சாம்பலுமாக அப்படியே தெரிவதுதான் அதன் அழகு. கர்நாடகத்தில் பெருந்தொழிலாக வளர்ந்த இந்தத் தட்டு, ஐரோப்பிய, அமெரிக்கக் கலியாண விருந்துகள்வரை போனது அந்த அழகுக்காகத்தான்.

அங்கேதான் ஒரு சிக்கலும் முளைத்தது. 2025 மே மாதம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், பாக்கு மட்டைப் பாத்திரங்களை உணவுக்குப் பாவிக்க ஏற்க முடியாது என்றது. பாக்கில் இருக்கும் அரிகோலின் போன்ற இயற்கை நச்சுப் பொருள்கள் மட்டையிலிருந்து சாப்பாட்டில் கலக்கலாம் என்பது அதன் வாதம். தலைமுறைகளாக இதில் உண்டவர்களுக்கு இது எரிச்சலூட்டலாம். என்றாலும் ‘இயற்கை’ என்ற முத்திரையை மட்டும் நம்பி ஏற்றுமதிக் கனவு காண்பவர்கள் பரிசோதனைச் சான்றையும் கையில் வைத்திருப்பது நல்லது.

கரும்புச் சக்கையில் செய்யும் வெள்ளைத் தட்டின் கதை வேறு. சக்கையைக் கூழாக்கி அச்சில் வார்த்தால் பார்க்கப் பீங்கான் மாதிரி இருக்கும். ஆனால் தாமரைக்கு இயல்பாக வாய்த்த மெழுகு இதற்கு இல்லை. எண்ணெயும் குழம்பும் ஊறாமல் இருக்கப் பல நிறுவனங்கள் ஃபுளோரின் சேர்ந்த இரசாயனங்களைக் கலந்தன. அவை மண்ணில் எளிதில் அழியாதவை. டென்மார்க் 2020 ஜூலையிலேயே காகித உணவுப் பொதிகளில் அவற்றைத் தடைசெய்தது. சக்கைத் தட்டு வாங்குபவர் ‘ஃபுளோரின் சேர்க்காததா?’ என்று ஒரு வார்த்தை கேட்கலாம்.

மக்கும் தட்டும் மக்குவதற்கு இடம் வேண்டும். பொலித்தீன் பையில் கட்டிக் குப்பை மேட்டில் எறிந்தால் காற்றில்லாமல் அழுகி மீதேன் வாயுவைத்தான் விடும். மாத்தளை நகரில் 2007இல் ஐ.நா.வின் ஆசிய பசிபிக் ஆணைக்குழுவும் செவனத்த என்ற இலங்கை அமைப்பும் வங்காளதேசத்தின் வேஸ்ட் கன்சர்னும் சேர்ந்து தொடங்கிய மீள்சுழற்சி நிலையம், வீடுகளிலிருந்து பிரித்தெடுத்த உக்கும் குப்பையைப் பசளையாக்கிக் காட்டியது. பாக்கு மட்டையோ தாமரை இலையோ, சாப்பிட்ட இடத்திலேயே தனி வாளியில் விழுந்தால்தான் அப்படியொரு நிலையத்துக்குப் போய்ச் சேரும்.